நீமோ வரலாம்... டோரி வேண்டாம்!

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்றால் வெளியூர்க்காரர்கள் பலர் நம்ப மாட்டார்கள். சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம் கோட்டை என்று பாறையும் பொட்டலும்தான் அவர்கள் நினைவுக்கு வரும். ஆனால், கிழக்கே கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று பாக் விரிகுடாவின் கரையில் சுமார் 40 கிலோமீட்டருக்கு நீள்கிறது இந்த மாவட்டத்தின் கடற்கரை.

அதனால்தானோ என்னவோ, வீட்டில் தங்கமீன் தொட்டி வைத்து ஒன்றிரண்டு வருடம் பழகிய குடும்பங்களில் அடுத்த ஆசை இப்படித்தான் எழுகிறது: ‘கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே, கடல் மீன் வளர்த்தால் என்ன?’ பிள்ளைகளுக்கு நீமோ வேண்டும். அப்பாவுக்கு வரவேற்பறையில் ஒரு துண்டுக் கடல் வேண்டும். மின்சாரக் கட்டணத்தை நினைத்து அம்மா மட்டும் கொஞ்சம் யோசிப்பார். அந்த யோசனை தப்பில்லை. கடல் மீன் தொட்டியில் கண்ணாடியும் மோட்டாரும் ஒரு தடவைச் செலவு. தவறான மீனை வாங்குவது மாதா மாதம் வருகிற செலவு.

கரையில் கிடைக்கும் மீனையே கொண்டுவந்து விடலாமா?

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில், வேண்டாம். காரணம் ஒன்றல்ல.

படகில் வந்து இறங்குபவை பெரும்பாலும் சாப்பாட்டு மீன்கள். கலவாக் குஞ்சு விரல் நீளத்தில் இருக்கும்போது புள்ளி புள்ளியாக அழகாகத்தான் இருக்கும். ஆனால், வாய்க்குள் அடங்குகிற எதையும் விழுங்குவது அதன் பிறவிக் குணம். சில மாதங்களில் தொட்டியில் கலவா மட்டும்தான் மிஞ்சும். கீச்சான் சளைக்காத சண்டைக்காரன். பக்கத்து மீனின் செதிலைக் கொத்தியே கொல்லும். ஓராவின் முதுகு முள்ளில் விஷம் உண்டு. தொட்டியைக் கழுவக் கைவிட்டால் கடுக்கும். பேத்தை மீன் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அதற்கு நத்தை, நண்டு என்று ஓடுள்ள தீனி வேண்டும், கழிவும் அதிகம்.

அடுத்தது, கடல்குதிரை. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதி பதினைந்து மீட்டரைத் தாண்டாது. அடியில் கடற்புல் படுகைகள். கடல்குதிரைக்கு அதுதான் வீடு. இழுவை மடியில் சில சமயம் மீன்களோடு கடல்குதிரையும் சிக்கி வருவது உண்டு. ‘தொட்டிக்கு ஆகும், எடுத்துட்டுப் போங்க’ என்று யாராவது நீட்டினால் கைநீட்டி வாங்கிவிடக் கூடாது. கடல்குதிரை இனங்கள் அனைத்தும் 2001-லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. பிடித்தாலும் வைத்திருந்தாலும் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். கடல் அட்டைக்கும், உயிருள்ளதோ செத்ததோ பவளப்பாறைக்கும் இதே சட்டம்தான். ‘லைவ் ராக்’ என்று சொல்லி உடைத்த பவளத்துண்டை விற்க வருபவரிடமிருந்து ஒதுங்கிவிடுவது நல்லது. செயற்கையாகச் செய்த பீங்கான் பாறைகள் கடைகளில் கிடைக்கின்றன. நுண்ணுயிர் குடியேற அவை தாராளமாகப் போதும்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் கடல்குதிரை வீட்டுக்கு ஏற்றதில்லை. அதற்கு இரைப்பை கிடையாது. தின்றது உடனே செரித்து வெளியேறிவிடும். நாளெல்லாம் உயிருள்ள சிற்றிரை தின்றுகொண்டே இருக்க வேண்டும். வீட்டுத் தொட்டியில் அது பட்டினியால்தான் சாகும்.

இதே கடற்புல் படுகைகளை நம்பி ஆவுளியாவும் வாழ்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவித்தது. இந்தியாவில் ஆவுளியாவுக்கென்று அமைந்த முதல் பாதுகாப்பகம் அது.

மீன்தான் கூடாது, கடல் தண்ணீரையாவது கேனில் பிடித்து வரலாமா என்றால், அதுவும் தொடக்கக்காரர்களுக்குச் சரிப்படாது. கரையோரத் தண்ணீரில் சேறு கலந்திருக்கும். படகுத்துறைக்குப் பக்கத்தில் டீசல் மிதக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பின் அளவு இறங்கிவிடும். மீன் தொட்டிக்கென்றே விற்கும் செயற்கைக் கடல் உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் கரைப்பதுதான் பாதுகாப்பான வழி. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கணக்கு. சமையல் உப்போ கல்லுப்போ இதற்கு ஆகாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்ததுதான் கடல் உப்பு. அளந்து பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கைக்கருவி வேண்டும். மணமேல்குடிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் உறவினர் யாராவது இருந்தால் அவர் வீட்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். பயன்படுத்தக் கற்றும் கொடுப்பார்.

சின்னத் தொட்டி என்றால் எவ்வளவு சின்னது?

நல்ல தண்ணீர் மீனையும் பவளப்பாறை மீனையும் ஒரே மாதிரி நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. குளத்து மீன் பழக்கப்பட்டது. மழை பெய்தால் தண்ணீர் மாறும், கோடையில் சூடேறும், சேறாகும். எல்லாவற்றையும் தாங்கும். பவளப்பாறை மீன் வாழும் கடலோ வருடம் முழுக்க அதிகம் மாறாதது. அதனால் தொட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நிதானம். மேசை மேல் வைக்கும் ஒரு அடித் தொட்டி பார்க்க எளிதாகத் தெரியும். உண்மையில் அதைப் பராமரிப்பதுதான் கஷ்டம்.

இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 127 லிட்டர் கொள்ளும். மணலும் பாறையும் போட்டபின் நூறு லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு குடும்பம் முதன்முதலாகத் தொடங்க இந்த அளவு ஏற்றது. இதைவிடச் சிறியது வேண்டாம். எடை மட்டும் ஸ்டாண்டோடு சேர்த்து 150 கிலோவை எளிதாகத் தாண்டும். ஆடாத தரை வேண்டும், வெயில் படாத உள்ளறை வேண்டும்.

வெயில் என்றதும் புதுக்கோட்டைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கடல் மீனுக்கு 25 முதல் 28 டிகிரி வரை வெப்பம் உகந்தது. சித்திரை மாதத்தில் அறைக்குள் வைத்த தண்ணீரே முப்பதைத் தாண்டும். சில்லர் வாங்கினால் தொட்டியைவிட அது விலை. தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று படும்படி ஒரு சிறு மின்விசிறியை மாட்டினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான். ஆனால், தண்ணீர் வேகமாக வற்றும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வற்றியது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே குறைந்த அளவை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றினால் ஒரு மாதத்தில் ஊறுகாய்ப் பாத்திரம் ஆகிவிடும். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி மட்டத்தைக் குறித்துக்கொண்டு, தினமும் காலையில் அந்தக் கோடு வரை நிரப்புவது நல்ல பழக்கம். மின்தடைக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப்பும் வேண்டும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் ஆக்சிஜன் குறையும். கோடையில் கரண்ட் போனால் முதலில் திணறுவது மீன்தான்.

தொட்டி தயாரானதும் மீன் வாங்க ஓடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். காலித் தொட்டியில் ஒரு இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டால் அந்த நுண்ணுயிர்களுக்குத் தீனி கிடைக்கும். வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு எழும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். கடல் நீர் காரத்தன்மை உள்ளது என்பதால் அதே அளவு அம்மோனியா குளத்து மீனைவிடக் கடல் மீனுக்கு அதிக விஷம். பரிசோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் முதல் மீன்.

முதலில் யார்?

நூறு லிட்டரில் நான்கு சின்ன மீன்கள். ஐந்தாவது மீன் ஆசை. நான்கு மட்டும் என்று முடிவாகும்போதுதான் தேர்வு முக்கியமாகிறது.

கோமாளி மீன், அதாவது நீமோ, தாராளமாக வரலாம். இதை வெறும் சினிமா மோகம் என்று தள்ள வேண்டியதில்லை. ஆசெல்லாரிஸ் என்ற வகை வளர்ந்தாலும் விரல் நீளம்தான், அதிகம் அலையாது, ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குடித்தனம் நடத்தும். இதைவிட முக்கியம், இது கடலில் பிடிக்க வேண்டாத மீன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் தாண்டி ராமநாதபுரம் வழியாகப் போனால் மண்டபம் வருகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கிய இடம் அது. தலைமையகம் பிறகு கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் அதன் மண்டல மையம் தொடர்கிறது. கோமாளி மீன்களையும் டாம்செல் வகைகள் பலவற்றையும் பொரிப்பகத்திலேயே முட்டையிடவைத்துக் குஞ்சு எடுக்கும் முறையை அங்குள்ள விஞ்ஞானிகள் உருவாக்கியிருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது.

கேட்கச் சாதாரணமாக இருந்தாலும் இது லேசான வேலை இல்லை. தாய் மீன் ஓட்டுத் துண்டிலோ மண்சட்டியிலோ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். காவல் முழுக்க அப்பாவுடையது. துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். கெட்டுப்போன முட்டையைப் பொறுக்கி எறியும். ஒரு வாரத்தில், விளக்கணைந்த பிறகு, இருட்டில் பொரியும். கண்ணுக்கு ஒரு மயிர்த்துண்டு போலத் தெரியும் அந்தக் குஞ்சு தின்ன ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர் வேண்டும்; ரோட்டிஃபர் தின்னப் பச்சைப் பாசி வேண்டும். ஆக, ஒரு மீனை வளர்க்க மூன்று பண்ணை. இப்படி வளர்ந்த மீன் பிறந்ததிலிருந்தே தொட்டியையும் மனிதர் போடும் தீனியையும் அறிந்தது. கடலில் பிடித்த மீனுக்கோ கண்ணாடியும் புதிது, குருணைத் தீனியும் புதிது. அதிலும் வெளிநாட்டுக் கடல்கள் சிலவற்றில் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இருக்கிறது. அப்படிப் பிடிபட்ட மீன் கடையில் நன்றாகத்தான் நீந்தும்; வீட்டுக்கு வந்து சில வாரத்தில் காரணம் தெரியாமல் செத்துப்போகும்.

அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல.

“அண்ணே, இது பொரிப்பகக் குஞ்சா, கடல்ல புடிச்சதா?”

“எல்லாம் ஒண்ணுதாங்க தம்பி. நல்லா ஆக்டிவா இருக்கு பாருங்க.”

“சரிண்ணே, கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்களேன்.”

இந்த மூன்றாவது வாக்கியம் எந்தப் படிப்பையும்விட உதவும். கண்ணெதிரே தின்னாத மீனை வாங்கவே கூடாது. செவுள் வேகமாக அடித்துக்கொள்வது, உடம்பில் ரவை தூவினாற்போல் வெண்புள்ளி, ஒட்டிய வயிறு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எந்த மீனும் வேண்டாம்.

கோமாளி மீனில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லாமே ஆணாகப் பிறக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அடுத்தது அதற்குத் துணை. பெண் இறந்துவிட்டால் துணையாக இருந்த ஆண் பெண்ணாகிவிடும். 2003-ல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில் அம்மா மீன் இறந்ததும் அப்பா மகனைத் தேடிப் போகிறார். இயற்கைக் கணக்குப்படி பார்த்தால் பாதி வழியில் அப்பாவே அம்மாவாகியிருப்பார். ஆண், பெண் பார்த்து ஜோடி வாங்கத் தேவையில்லை என்பதுதான் இதில் கிடைக்கும் நன்மை. கொஞ்சம் பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரண்டு குஞ்சுகளை வாங்கினால் போதும். மீதியை அவை பேசி முடித்துக்கொள்ளும்.

கடல் சாமந்தி இல்லாமல் நீமோ வாழாது என்று யாராவது சேர்த்து விற்கப் பார்த்தால் வாங்க வேண்டாம். கடல் சாமந்திக்குப் பலத்த வெளிச்சமும் பழகி முதிர்ந்த தொட்டியும் வேண்டும். அது செத்தால் தண்ணீர் முழுக்க நாறிப்போகும். பொரிப்பகக் குஞ்சு கடல் சாமந்தியைக் கண்ணாலும் கண்டிருக்காது. கவிழ்த்த ஒரு மண்சட்டியைக் கொடுத்தாலே அதில் குடியேறும். நம் பக்கத்துக் கடலிலேயே செபே என்ற கோமாளி மீன் இருக்கிறது. அழகுதான், ஆனால் உள்ளங்கையைத் தாண்டி வளரும், அதட்டலும் அதிகம். இரண்டடித் தொட்டிக்கு ஆகாது.

மூன்றாவது இடத்துக்கு வாட்ச்மேன் கோபி. மஞ்சள் நிறம், தவளை முகம். மணலில் பிஸ்டல் இறாலோடு கூட்டுக் குடித்தனம் நடத்தும் மீன். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனால் வளை தோண்டக் கெட்டிக்காரன். கோபி வாசலில் நின்று காவல் பார்க்கும். இறால் தன் மீசையை எப்போதும் கோபியின் மேல் வைத்திருக்கும். மீன் வாலை அசைத்தால் இரண்டும் உள்ளே ஓடிவிடும். நாள்பூராவும் டி.வி.யை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். இரவில் தொட்டியிலிருந்து ‘படக்’கென்று சத்தம் வந்தால் கண்ணாடி விரிசல் என்று பயப்பட வேண்டாம், இறால் கொடுக்கைச் சொடுக்குகிறது. பாறைகளை மட்டும் மணலின் மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்தில் உட்காரவைத்து அதன் பிறகு மணல் போட வேண்டும். இல்லாவிட்டால் இவர்கள் தோண்டித் தோண்டிப் பாறை சரிந்துவிடும்.

நான்காவது, ஃபயர்ஃபிஷ் அல்லது பாங்காய் கார்டினல், இரண்டில் ஒன்று. ஃபயர்ஃபிஷ் பயந்த சுபாவம். மிரண்டால் துள்ளி வெளியே விழும். தொட்டி மேல் வலை மூடி இல்லாவிட்டால் காலையில் தரையில் கருவாடாகக் கிடக்கும். பாங்காய் கார்டினல் இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைச் சேர்ந்தது. ஆண் மீன் முட்டைகளையும் பிறகு குஞ்சுகளையும் ஏறக்குறைய ஒரு மாதம் வாய்க்குள் வைத்துப் பட்டினி கிடந்து காக்கும். அலங்காரத் தொட்டிகளுக்காகவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு, அழியும் ஆபத்தில் உள்ள இனமாகிவிட்டது. பொரிப்பகத்தில் வளர்ந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்கலாம்.

டாம்செல் விலை குறைவு, எதையும் தாங்கும், பளிச்சென்ற நீலம். கடைக்காரர்கள் முதலில் நீட்டுவதும் இதைத்தான். ஆனால் முதலில் வந்த டாம்செல் தொட்டி முழுவதையும் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொள்ளும். பின்னால் வரும் எந்த மீனையும் விடாது. கறுப்பில் மூன்று வெள்ளைப் புள்ளி உள்ளதும், வரிக்குதிரை போலக் கோடு போட்டதும் வளர வளர ரவுடிகள். பிறகு பிடித்து வெளியே எடுக்கலாம் என்றால் பாறையை எல்லாம் கலைத்தால்தான் முடியும். வேண்டுமானால் மஞ்சள் வால் டாம்செல் ஒன்றை, கார்டினலுக்குப் பதிலாக, எல்லோருக்கும் பிறகு சேர்க்கலாம்.

இனி டோரி. நீல டாங் மீன் ஓரடி வரை வளரும், ஓயாமல் நீந்தும். இரண்டடித் தொட்டியில் அதற்கு ஒரு துள்ளலுக்கே இடம் போதாது. பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2016-ல்தான் அதைத் தொட்டியில் பொரித்து வளர்க்க முடிந்தது. கடைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இன்னும் கடலில் பிடித்தவையே. குஞ்சாகத்தானே இருக்கிறது, வளர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கிவிட்டு, வளர்ந்ததும் கொடுக்க இடமில்லாமல் தவிப்பவர்கள்தான் அதிகம்.

மாண்டரின் மீனைப் பார்த்தால் பட்டுப்புடவை ஞாபகம் வரும். அதுவும் வேண்டாம். பாறையில் ஊரும் நுண்ணிய உயிர்களைத் தவிர மற்றதைத் தொடாது. சின்னத் தொட்டியில் அந்த இருப்பு சில வாரத்தில் தீர்ந்துவிடும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தைத் தின்பவை. மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் கிளீனர் ராஸ், சுத்தம் செய்ய ஆளில்லாமல் மெலியும். லயன் ஃபிஷ்ஷின் முள்ளில் விஷம். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

வரிசையும் முக்கியம். சாது முதலில், அதட்டுபவர் கடைசியில். கோபியும் ஃபயர்ஃபிஷ்ஷும் முதலில் வந்து இடம் பிடிக்கட்டும். மூன்று வாரம் கழித்துக் கோமாளி ஜோடி. ஒரே நாளில் நான்கையும் விட்டால் நுண்ணுயிர்களால் அத்தனை கழிவைச் சமாளிக்க முடியாது. திருச்சியிலோ மதுரையிலோ வாங்கி பஸ்ஸில் வருபவர்கள் பையைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து வர வேண்டும். ஜன்னலோர வெயில் ஆகாது. வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து ஒரு மணி நேரத்தில் பழக்கி, மீனை மட்டும் எடுத்துவிட வேண்டும். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. அன்று முழுக்க விளக்கை அணைத்துவைப்பது நல்லது.

தீனி தினமும் இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. வாரம் ஒருமுறை பத்து லிட்டர் தண்ணீர் மாற்றினால் போதும். பங்குனியில் நார்த்தாமலைத் திருவிழாவுக்கோ பொங்கலுக்கோ இரண்டு நாள் வெளியூர் போனால் மீன் பட்டினியில் சாகாது. அதற்கும் மேல் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் பக்கத்து வீட்டு அத்தையிடம் தீனி டப்பாவை மட்டும் கொடுக்கக் கூடாது. மீன் பசியோடு பார்க்கிறது என்று பாவப்பட்டு டப்பாவையே கவிழ்த்துவிடுவார். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று மடித்து, கிழமை எழுதி வைத்துவிட்டு, டப்பாவைப் பீரோவில் பூட்டிவிட்டுக் கிளம்பலாம்.